வெளிநாடு போய்த் திரும்பிய முகம்

யாழினி, கதிர் இரண்டு பேருக்கும்,

போன வாரம் இந்தப் பக்கத்தில் நம் ஸ்டூடியோ ஷட்டருக்கு நானே பெயிண்ட் அடித்து, அது காய்வதற்குள் இறக்கிவிட்டு, மறுநாள் தூக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு நீங்கள் சிரித்ததாக அம்மா சொன்னாள். இந்த வாரம் எழுதப் போவதில் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லை. யாழினிக்கு இதில் பாதி தெரியும். கதிர் அப்போது திருச்சி ஹாஸ்டலில் இருந்தான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மிச்சத்தை இரண்டு பேருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. இடது பக்கம் நான். வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. ஆனால் பிளெக்ஸில் நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்டிருந்தேன். பிளெக்ஸ் அடித்த பஷீர் பாய் யாருடைய உடம்பிலோ என் தலையை ஒட்டியிருந்தார். வலது பக்கம், என்னைவிடப் பெரிதாக, உங்கள் செல்வராணி அத்தையின் முகம். சர்வதேசப் புகைப்படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி மண்ணுக்குப் பெருமை சேர்த்த அண்ணன் தங்கராசு என்று மேலே கொட்டை எழுத்து.

அத்தையும் மாமாவும் அதைப் பார்ப்பதற்காகவே பெரம்பலூர் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். அத்தை கையில் வழக்கம்போல ஒரு பை சின்ன வெங்காயம். பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் போனாள். ரொம்பப் பக்கத்தில். அவ்வளவு கிட்டே போனால் முகம் தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கையைத் தூக்கி, பிளெக்ஸில் இருந்த கன்னத்தில், காதுக்குக் கீழே விரலை வைத்தாள். லாரிகள் கிளப்பிவிட்ட சிமெண்ட் தூசி விரலில் ஒட்டிக்கொண்டது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"யாருண்ணே இது?"

நான் சிரித்தேன். பஷீர் பாய் சிரித்தார். ஜூஸ் கடைக்காரர் சிரித்தார். அத்தையும் லேசாகச் சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தொழிலில் பெரிய பாராட்டு

ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஸ்டூடியோவில் படத்தை வாங்க வருகிறவர்கள் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது நானா?" என்று கேட்டால் எங்களுக்கு மனசு நிறைந்துவிடும். "நல்லாருக்கு" என்று சொன்னால் சுமார் என்று அர்த்தம். "நானா, யாரோ மாதிரி இருக்கேன்" என்று சொன்னால் அடுத்த விசேஷத்துக்கும் நம்மிடம்தான் வருவார்கள் என்று அர்த்தம்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜெயங்கொண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அப்போதெல்லாம் பிலிம்தான். நெகட்டிவை வெளிச்சப் பெட்டி மேல் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கிற பரு, கோடு, கருவளையம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு மறைக்க வேண்டும். மூச்சு விட்டால்கூடக் கை ஆடிவிடும். அதற்கு டச்சிங் என்று பேர். டச்சிங் பண்ணாமல் படம் கொடுத்தால், குளிக்காமல் கல்யாணத்துக்குப் போன மாதிரி.

கம்ப்யூட்டர் வந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. மச்சத்தை எடுப்போம், நரையை எடுப்போம், கருப்பாக இருக்கிற மாப்பிள்ளையைப் பெண்ணின் நிறத்துக்குக் கொண்டுவருவோம். இல்லாதவர்களைக்கூடக் கொண்டுவந்து நிறுத்துவோம். உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. ரேஷன் கார்டில் இருந்த அவருடைய சின்னப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டு வேட்டி சட்டை கட்டி, மகளுக்குப் பின்னால் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி நிறுத்திக் கொடுத்தேன். வாங்க வந்த அந்தம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருந்தப்பகூட மனுசன் இவ்ளோ நேரா நின்னதில்லீங்க" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அந்தப் படம் இப்போதும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது.

இதையெல்லாம் ஏமாற்று என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. வந்தவர்களைச் சந்தோஷமாக அனுப்புகிற மரியாதை என்றுதான் நினைத்தேன். அதனால்தான் அத்தை "யாருண்ணே இது" என்று கேட்டதும், பாராட்டுகிறாள் என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன்.

வெங்காயத் தோல் பறந்த மத்தியானம்

அந்தப் படத்தை எடுத்த கதைக்கு வருகிறேன்.

அத்தை ஊரில் அறுவடை முடிந்த சமயம். செட்டிகுளம் பக்கத்து ஊர்களில் அப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் வெங்காய வாசனைதான். வயலில் பிடுங்கிய வெங்காயத்தைக் குவித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தாளை நறுக்குவார்கள். பிறகு பட்டறையில் ஏற்றுவார்கள். பட்டறை என்றால், வெங்காயம் அழுகாமல் காற்றாடக் கிடப்பதற்காகத் தட்டியும் ஓலையும் வைத்துக் கட்டுகிற கொட்டகை. உங்களுக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் அங்கே போனது ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில். கழுத்தில் கேமரா. பட்டறைக்குள் அத்தையும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓலை இடுக்கு வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியிருந்தது. திடீரென்று ஒரு காற்று. கிடந்த தோல் எல்லாம் எழும்பிப் பறந்தது. அந்தத் தோலின் நிறத்தை எப்படிச் சொல்வது, ரோஜாப்பூவும் செம்பும் கலந்த மாதிரி. வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பற்றிக்கொண்டது போல இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் ஏதோ கேலி சொல்ல, அத்தை நறுக்குகிற கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். தலையெல்லாம் தோல். நான் அமுக்கிவிட்டேன்.

கேமராவின் பின்னால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றும் இதன் பக்கத்தில் நிற்காது.

அத்தைக்கு இடது காதுக்குக் கீழே ஆரம்பித்து, கன்னத்தில் பாதியும் தாடையும் வெள்ளை படர்ந்திருக்கும். உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பிறந்ததிலிருந்து அத்தையை அப்படித்தான் பார்க்கிறீர்கள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நகக்கண் அளவில் வந்தது. எங்கள் அப்பா அவளை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனார். ஒரு வைத்தியர் எண்ணெயைத் தடவி வெயிலில் உட்கார வைக்கச் சொன்னார். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து மற்ற இடம் கறுத்ததே தவிர, வெள்ளை போகவில்லை. அப்புறம் அவளே ஒரு நாள் எண்ணெய்ப் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, "போதும், என்னக் கருவாடாக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சிரிக்கிற படத்தில் வெயில் விழுந்திருந்தது அந்தக் கன்னத்தில்தான்.

படிக்காத விதிமுறை

போட்டி பற்றி எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஏதோ ஐரோப்பா தேசத்தில் நடத்துகிறார்களாம். பணம் கட்ட வேண்டாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

யாழினிதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எனக்காகப் பூர்த்தி செய்தாள். பக்கம் பக்கமாக இங்கிலீஷ் ஓடியது. "அப்பா, ரூல்ஸ் நெறய இருக்கு. படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். கடைசித் தேதி என்ன, படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், இது இரண்டை மட்டும் சொல், நாம் என்ன தப்பா பண்ணப் போகிறோம் என்றேன். அவள் சொன்னாள். மற்றதெல்லாம் அப்படியே கீழே ஓடிப்போனது. நான்தான் வேண்டாம் என்றேன், அதில் அவள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. யாழினி இதை நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து படத்தைச் சரி பண்ணினேன். மேலே குறுக்கே போன கரண்ட் ஒயரை எடுத்தேன். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்தேன். பின்னால் யாருடைய காலோ தெரிந்தது, அதையும் எடுத்தேன். அந்தக் கையோடு அத்தையின் கன்னத்துக்கு வந்தேன்.

யோசித்தேனா என்று பிற்பாடு எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். யோசிக்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் வாசலில் கிடக்கிற செருப்பை ஓரமாகத் தள்ளிவிடுவோம் இல்லையா, அப்படி. வெள்ளைக்காரர்கள் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் முன்னால் என் தங்கச்சி நன்றாக இருக்க வேண்டும். நல்ல கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து இந்தக் கன்னத்தில் வைத்தேன். வெயில் விழுந்த வெளிச்சம் கெடாமல் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. செய்து முடித்தபோது என் கை வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

குடத்தையும் ஒயரையும் எடுத்த அதே கை, அதே பத்து நிமிஷம். எழுதவே கூசுகிறது.

இரண்டு மெயில்

முதல் மெயில் வந்த அன்று யாழினி காலேஜ் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டாள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது, பரிசு அறிவிப்பதற்கு முன்னால் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே, கை வைக்காமல் அனுப்புங்கள், சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு ஒரே பெருமை. வேலைப்பாட்டைப் பார்க்கக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். நம் ஸ்டூடியோவில் முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று ஒரே சட்டத்தில் இரண்டு படத்தை மாட்டி வைத்திருக்கிறோமே, அதே மாதிரி செய்தேன். இடது பக்கம் எடுத்த படம், வலது பக்கம் முடித்த படம். யாழினி, "அவங்க ஒரிஜினல் மட்டுந்தான்ப்பா கேக்கறாங்க" என்றாள். இரண்டையும் பார்க்கட்டும், எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியட்டும் என்று சொல்லி, மூலப் படத்தோடு அதையும் சேர்த்து அனுப்ப வைத்தேன்.

உலகத்தில் எந்த ஊர்த் திருடனும் இப்படிக் கன்னக்கோலை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்திருக்க மாட்டான். ஆனால் நான் திருடுகிறேன் என்று எனக்குத் தெரியாதே.

அந்த இடைவெளியில்தான் பஷீர் பாய் பிளெக்ஸ் கட்டினார். அத்தை வந்து பார்த்தாள். "யாருண்ணே இது" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம்.

இரண்டாவது மெயில் ஒரு காலை நேரத்தில் வந்தது. யாழினி மனசுக்குள் படித்தாள். மறுபடியும் மேலே போய்ப் படித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், என்னவோ பரிசு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"என்னம்மா, மூணாவதுகூட இல்லியா?"

"அதில்லப்பா. படத்தையே எடுத்துட்டாங்க."

படத்தில் இருப்பவருடைய முகத்தை மாற்றியிருக்கிறீர்கள், அது எங்கள் விதிக்கு விரோதம், போட்டியிலிருந்து நீக்கிவிட்டோம். இவ்வளவுதான். திட்டவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒயரையும் குடத்தையும்கூடக் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள். முதல் வரி முகம்தான்.

யாழினி அந்த இரண்டு படமும் இருந்த சட்டத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இடது பக்கந்தான்ப்பா நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு நானும் பார்த்தேன். வலது பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். இடது பக்கத்தில் ராணி சிரிக்கிறாள்.

பிளெக்ஸ் தொங்கிய நாட்கள்

அன்றைக்கே பிளெக்ஸை இறக்கியிருக்க வேண்டும். இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தெருவால் போனேன். அப்படியும் விடுவார்களா? டீக்கடையில் ஒருவர், "எப்ப பிளைட்டு?" என்று கேட்டார். பாக்கலாம் என்றேன். இன்னொருவர், கோட்டு எங்கே தைத்தது என்று கேட்டார். கீழப்பழுவூரிலிருந்து ஒரு வாத்தியார், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்து பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்துவிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் போகும்போது, உடம்பைப் பார்த்துக்குங்க சார், நீங்க நம்ம மாவட்டத்துச் சொத்து என்றார். அந்தத் தட்டு முன்னால் உட்கார முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் பஷீர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அன்று சாயங்காலமே ஏணியை எடுத்துக்கொண்டுபோய் இறக்கிவிட்டார். "அட, இதுக்குப் போயி மூஞ்சிய இப்புடி வச்சிருக்கீங்க. நம்மள்ல தொடாமக் குடுத்தவன் யாருண்ணே? அல்லா மேல ஆணையா ஒருத்தன் இல்ல" என்று தேற்றினார். அத்தையிடம் என்ன சொல்வது என்று கேட்டதற்கு, சைஸ் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிடச் சொன்னார். அவர் நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

உங்கள் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தாமலேயே, "சைஸோ கியிஸோ, நேர்ல போயிச் சொல்லுங்க. போன்ல சொன்னீங்கன்னா நான் ராணி மொகத்துல முழிக்க முடியாது" என்றாள்.

பட்டறையில்

பெரம்பலூர் பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சைஸ் சரியில்லையாம் ராணி. ஏதோ அளவு கணக்காம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. பஸ்ஸில் பாட்டு ஓடியது. நான் மட்டும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் முருகேசன் மாமா ஆலத்தூர் கேட் ஸ்டாப்புக்கே பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டார். வழி நெடுக வெங்காய விலையைத்தான் பேசினார். போட்டி பற்றிக் கேட்கவே இல்லை.

அத்தை பட்டறையில் இருந்தாள். அடுத்த போகத்தில் பிடுங்கிய வெங்காயம் குவிந்து கிடந்தது. கூட இரண்டு பெண்கள். என்னைப் பார்த்ததும், வா அண்ணே, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

"தள்ளிட்டாங்க, ராணி."

"எத?"

"படத்தத்தான். போட்டிலேர்ந்து எடுத்துட்டாங்க."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏனாம்?"

"சைஸு..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக் கன்னம் என் பக்கம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை முடிக்க என்னால் முடியவில்லை. "சைஸ் இல்ல. ஒம் மொகத்துல இருந்தத நான் எடுத்துட்டேன். அப்புடி எடுக்கக் கூடாதாம். அதான்."

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்ல."

"பாத்தப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டனே. யாருன்னு கேட்டேன். நீங்க எல்லாருமாச் சிரிச்சீங்க. ஊரே ஒன்னப் பெருமையாப் பாத்துக்கிட்டு நிக்கிது, அதுல நான் போயி என்னத்தச் சொல்ல?"

கூட இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் ஒருத்தியைக் கத்தியாலேயே சுட்டிக் காட்டினாள் அத்தை.

"இவ போன்லயும் அந்தப் படம் வந்துச்சு. ‘என்ன மருந்து போட்டக்கா, சுத்தமாப் போயிருச்சே’ன்னு ஓடி வந்து எந் தலையத் திருப்பிப் பாக்குறா. எங்க அண்ணங்கிட்ட ஒரு மருந்து இருக்குடி, ராவோட ராவாக் கரைஞ்சிரும்னேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவும் சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். உரித்து உரித்து அதில் ஒன்றுமே மிச்சம் இல்லை.

நல்லது, திட்டி முடித்துவிட்டாள், இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மாப்ள பாக்க போட்டோ எடுத்தோமே, ஜெயங்கொண்டத்துல, நீ வேல பாத்த கடையில. ஞாபகம் இருக்கா?"

"எடுத்தது ஞாபகம் இருக்கு."

"தரகர் என்னா சொன்னாரு? ஒருபக்கமாத் திருப்பி ஒக்கார வைங்க, கன்னம் தெரியாதுன்னாரு. அப்பாவும் சரின்னுட்டாரு. நானும் திரும்பி ஒக்காந்துட்டேன். நீதான் கேமராவுக்குப் பின்னாலேர்ந்து எந்திரிச்சு வந்து, எந் தாவாங்கட்டயப் புடிச்சு நேராத் திருப்புன. ‘நேராப் பாரு ராணி. பாத்துட்டு வர்றவன் வரட்டும்’னு சொன்ன."

மாமா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் போட்டோவப் பாத்துட்டுதான் இந்த மனுசன் வந்தாரு. ஒரு நாளு, ஒரு பொழுது இதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. எல்லாம் நீ அன்னிக்கு நேராத் திருப்புனதுனாலதான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு நீ கடையில வேல பாக்குற பய. ஒனக்குக் கூச்சமில்ல. இப்ப யாருகிட்டண்ணே கூச்சம்?"

பிள்ளைகளே, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் அவ்வளவு விவரமாகச் சொன்ன பிறகும், அவள் தாடையைப் பிடித்துத் திருப்பியது எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தக் கடை ஞாபகம் இருக்கிறது, திரையில் வரைந்திருந்த தாமரைக் குளம் ஞாபகம் இருக்கிறது, தரகர் போட்டிருந்த சந்தன நிறச் சட்டைகூட ஞாபகம் இருக்கிறது. நான் செய்த அந்த ஒரு நல்ல காரியம் மட்டும் இல்லை. இத்தனை காலமாக அதை அவள் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நான் போய் அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் இருக்கும், மாமா திரும்பி வந்து, "மச்சான், அந்த பிளெக்ஸு சும்மா கெடந்தாக் குடுங்க. மழை வந்தா பட்டறை மேல போட ஆவும்" என்றார். எங்கள் பக்கம் பழைய பிளெக்ஸ் எல்லாம் கடைசியில் வெங்காயத்துக்கும் வைக்கோலுக்கும் மூடாக்காகத்தான் போகும்.

"வேணாம்" என்றாள் அத்தை. "அந்தப் பொம்பளைய எங்க பட்டறை மேல ஏத்த வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்து சேலையில் இருந்த தோலை உதறினாள். "எந்திரிண்ணே. சோறு ஆறுது."

சாப்பிட்டேன். வெங்காயக் குழம்பும் பொரித்த அப்பளமும். இன்னும் கொஞ்சம் வை என்று வழக்கமாகக் கேட்கிறவன், அன்று போட்டதைத் தின்றுவிட்டு இலையை மடித்தேன். அவள் கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்ற வந்தாள், இலை மடித்திருந்ததைப் பார்த்துவிட்டு நின்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அண்ணியக் கேட்டேன்னு சொல்லு" என்றாள். படம் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை.

ஆலத்தூர் கேட்

மாமா என்னை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. திருச்சி ரோட்டில் வண்டிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கண் எரிந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று, கண் சிவந்திருக்கிறதா பார்க்கப் போனை எடுத்து, முன்பக்கக் கேமராவைத் திறந்தேன். ஊரார் முகத்தை எடுக்கிறவனே தவிர, என் முகத்தை நான் எடுத்துக்கொள்கிற வழக்கம் இல்லை.

திரையில் ஒருத்தர் இருந்தார். கன்னம் வழவழவென்று இருந்தது. மூக்கும் நெற்றியும் மாவு பூசின மாதிரி. சின்ன வயதில் அம்மை போட்டு என் முகம் முழுக்கக் குழி குழியாக இருக்குமே, அதில் ஒன்றைக்கூடக் காணோம். போனை விற்ற கடைக்காரர் என்னத்தையோ தட்டிவிட்டுக் கொடுத்திருந்தார் போல. போனே டச்சிங் பண்ணிக்கொண்டிருந்தது.

அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய கேமராவில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வேன், இந்தப் போனில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தொட்டால் கண் பெரிதானது. இன்னொன்றைத் தொட்டால் உதடு சிவந்தது. பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து வரீங்களா என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் அது கிடைத்தது. ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி. புள்ளியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தேன். இழுக்க இழுக்கக் குழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். நரைத்த தாடி, சிவந்த கண், சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வெங்காயத் தோல். வெளிச்சம் பின்னால் இருந்தது, தொழில்காரன் எடுக்கிற படமே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அழிக்காமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.